ஸ்ட்ராப்பி + நெக்ஸ்ட்: சிஎம்எஸ்ஸில் மெட்டா இருக்கு, பக்கத்தில் வரலை

#1 புதுவலை

வணக்கம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வரும் சமையல் தளம். பின்னால் உள்ளடக்கத்தை நிரப்பும் சிஎம்எஸ்ஸாக ஸ்ட்ராப்பி 5, முன்னால் பக்கங்களைக் காட்ட நெக்ஸ்ட்.ஜேஎஸ் 15 (ஆப் ரவுட்டர்). சுமார் 400 சமையல் குறிப்புகள். ஸ்ட்ராப்பியில் தேடலுக்கும் பகிர்வுக்கும் வேண்டிய மெட்டா விவரங்களுக்கு ‘எஸ்இஓ’ என்று ஒரு காம்போனென்ட் செய்து தலைப்பு, விளக்கம், படம், கீவேர்ட்ஸ் நாலையும் வைத்திருக்கிறோம். எடிட்டர்கள் ஒழுங்காக நிரப்புகிறார்கள். ஆனால்:

பிரவுசர் டேப்பில் தலைப்பு சரியாக வருது. அதே லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டால் தளத்தின் பெயர் மட்டும்தான் வருது, படமே இல்லை.

கூகுள் சர்ச் கன்சோலில் பாதிக்கு மேல் பக்கங்கள் ‘மாற்றுப் பக்கம், கெனானிக்கல் சரியாக உள்ளது’ (கெனானிக்கல் = பக்கத்தின் அசல் முகவரியைச் சொல்லும் டேக்) என்ற பட்டியலில் போய் இண்டெக்ஸுக்கு வெளியே நிற்குது.

தலைப்புக்கு 60 எழுத்து வரம்பு வைத்தோம். தமிழ்த் தலைப்பு சின்னதாக இருந்தாலும் சேமிக்க விடமாட்டேங்குது.

எதை எங்கே மாற்றணும்? ஃபீல்டுகளையும் புதிதாக அமைக்கத் தயார்.

#2 தறி

பிரவுசரின் இன்ஸ்பெக்ட் பலகையை வைத்து மெட்டாவைச் சரிபார்க்காதீங்க. அங்கே தெரிவது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடித்த பிறகு உள்ள நிலை. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், லிங்க்ட்இன் முன்னோட்டம் எடுக்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, சர்வர் கொடுத்த முதல் ஹெச்டிஎம்எல்லை மட்டும் படிக்கும். ‘வியூ சோர்ஸ்’ பாருங்க, இல்லை டெர்மினலில் கர்ல் கட்டளை அடிச்சுப் பாருங்க. அங்கே தலைப்பு இல்லை என்றால் வாட்ஸ்அப்புக்கும் இல்லை.

நீங்க சொல்வதை வைத்துப் பார்த்தால் குறிப்புப் பக்கம் முழுக்க ‘யூஸ் கிளையன்ட்’ என்று தொடங்கும் ஃபைலில் இருக்கு. பிரவுசரில் மட்டும் ஓடும் யூஸ்எஃபெக்டுக்குள் டேட்டாவை எடுத்து அங்கேயே டாக்குமென்ட் டைட்டிலை மாற்றுகிறீங்க. அதனால்தான் டேப்பில் மட்டும் சரியாக இருக்கு. கிளையன்ட் ஃபைலிலிருந்து நெக்ஸ்டின் மெட்டாடேட்டாவை எக்ஸ்போர்ட் செய்யவும் முடியாது. பேஜ் ஃபைலைச் சர்வர் காம்போனென்ட் ஆக்கி, அங்கே ஜெனரேட்மெட்டாடேட்டா ஃபங்ஷனை எழுதுங்க. அளவு மாற்றும் பட்டன், டைமர் போன்ற அசையும் பகுதிகளை மட்டும் தனி கிளையன்ட் ஃபைலாகப் பிரித்து உள்ளே வைங்க.

கர்ல் அடிக்கும்போது ஒரு கண்ணி இருக்கு. நெக்ஸ்ட் 15.2 முதல், டைனமிக்காக ரெண்டர் ஆகும் பக்கங்களில் மெட்டா தாமதமானால் அது ஹெட் பகுதிக்கு வராமல் பின்னால் ஸ்ட்ரீம் ஆகி பாடிக்குள் வரும். வாட்ஸ்அப், ஃபேஸ்புக், ட்விட்டர் பாட்களை நெக்ஸ்ட் யூசர் ஏஜென்ட் (கேட்பது யார் என்று சொல்லும் ஹெடர்) பார்த்து அடையாளம் கண்டு, அவற்றுக்கு மட்டும் காத்திருந்து ஹெட்டிலேயே கொடுக்கும். சாதாரண கர்ல் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் யூசர் ஏஜென்ட்டை வாட்ஸ்அப் என்று மாற்றி அடிச்சுப் பாருங்க. பில்ட் நேரத்திலேயே தயாராகும் ஸ்டேட்டிக் பக்கங்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. சமையல் குறிப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற சரக்கு இல்லை, ஸ்டேட்டிக்காகவே வைங்க.

இரண்டாவது பிரச்சினைக்கு ஒரு கேள்வி: ரூட் லேஅவுட்டில் (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான ஃபைல்) கெனானிக்கலை வெறும் ‘/’ என்று வைத்திருக்கீங்களா?

#3 புதுவலை

ஆமா, ‘/’ என்றுதான் இருக்கு. யூஸ்எஃபெக்ட் விஷயமும் நீங்க சொன்னபடியேதான். கர்ல் அடிச்சதில் எல்லாப் பக்கத்துக்கும் தளத்தின் பெயர்தான் வருது.

பேஜை சர்வருக்கு மாற்றி எழுதிப் பார்த்தேன். இப்போ ‘எஸ்இஓ’ அன்டிஃபைன்டு என்று வருது. ஸ்ட்ராப்பி அட்மினில் நிரம்பியிருக்கு, ஏபிஐயில் இல்லை.

#4 தறி

அப்போ இரண்டாவதின் காரணம் கிடைச்சாச்சு. லேஅவுட்டில் வைத்த கெனானிக்கல், தனக்கென்று ஒன்று சொல்லாத எல்லா உள் பக்கங்களுக்கும் அப்படியே இறங்கும். 400 பக்கமும் ‘என் அசல் முகவரி முகப்புப் பக்கம்’ என்று கூகுளிடம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கு. கூகுளும் அதை ஏற்று ஒதுக்கி வைத்திருக்கு. லேஅவுட்டில் கெனானிக்கலே வேண்டாம். எடுத்துடுங்க. ஒவ்வொரு பக்கமும் தன் முகவரியைத் தானே சொல்லட்டும்.

லேஅவுட்டில் இருக்க வேண்டியது மெட்டாடேட்டாபேஸும் (பாதி முகவரிகளுக்கு முன்னால் ஒட்டும் தள டொமைன்) தலைப்பு டெம்ப்ளேட்டும். மெட்டாடேட்டாபேஸை என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுப்பது நல்லதுதான், ஆனால் ஸ்டேட்டிக் பக்கங்களில் பில்ட் நேரத்து மதிப்பு உறைந்துவிடும். ஸ்டேஜிங் (சோதனைத் தளம்) மதிப்போடு பில்ட் பண்ணி அதையே லைவுக்குத் தள்ளினால் எல்லா கெனானிக்கலும் ஸ்டேஜிங் டொமைனைக் காட்டும். பில்ட் முடிந்ததும் ஒரு பக்கத்தின் கெனானிக்கலைப் பார்த்து, டொமைன் தப்பென்றால் டிப்ளாயை நிறுத்தும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போட்டு வைங்க.

#5 ஆழி

ஸ்ட்ராப்பி பக்கம் நான் சொல்றேன். அங்கே மூணு இடத்தில் கால் இடறும்.

ஒன்று, ஸ்ட்ராப்பி 5-இல் ‘ஆட்ரிப்யூட்ஸ்’ என்ற உறை கிடையாது. பழைய பதிப்பு 4 பாடங்களைப் பார்த்து எழுதிய கோடு டேட்டாவுக்குள் ஆட்ரிப்யூட்ஸைத் தேடும். இப்போ ஃபீல்டுகள் நேரடியாக டேட்டாவுக்குள்ளேயே இருக்கு.

இரண்டு, காம்போனென்ட், படம், ரிலேஷன் எதுவும் கேட்காமல் வராது. ஏபிஐ வினவலில் ‘பாப்புலேட்’ என்று சொல்லிக் கேட்கணும். பலரும் பாப்புலேட்டுக்கு நட்சத்திரக் குறி போட்டு முடிச்சிடுவாங்க. அது ஒரு படி மட்டும்தான் இறங்கும். ‘எஸ்இஓ’ வரும், ‘எஸ்இஓ’வுக்குள் இருக்கும் படம் வராது. உள்ளுக்குள் இன்னொரு பாப்புலேட் எழுதி, வேண்டிய ஃபீல்டுகளைப் பெயர் சொல்லிக் கேளுங்க. ஆசிரியர் பெயர் போன்ற ரிலேஷன் வரவில்லை என்றால் அந்த வகைக்கு ‘ஃபைண்ட்’ அனுமதி உங்க டோக்கனுக்கு இருக்கா என்று பாருங்க. அனுமதி இல்லாததை ஸ்ட்ராப்பி பாப்புலேட் பண்ணாது.

மூன்று, படத்தின் முகவரி. லோக்கல் அப்லோடு என்றால் ஸ்ட்ராப்பி ‘/அப்லோட்ஸ்’ என்று தொடங்கும் பாதி முகவரியைத்தான் தரும். அதை அப்படியே ஓஜி இமேஜில் (ஓஜி = ஓபன்கிராஃப், பகிர்வு முன்னோட்டத்துக்கான டேகுகள்) போட்டால் நெக்ஸ்ட் மெட்டாடேட்டாபேஸை முன்னால் ஒட்டிவிடும். பார்க்க முழு முகவரி மாதிரி இருக்கும், ஆனால் அது முன்தள டொமைன். படம் இருப்பதோ ஸ்ட்ராப்பி டொமைனில். விளைவு 404. எர்ரரும் வராது, லாகிலும் தெரியாது, வாட்ஸ்அப்பில் படம் மட்டும் இருக்காது. ஸ்ட்ராப்பியின் முகவரியை நீங்களே முன்னால் சேர்த்து அனுப்புங்க.

படத்தின் அளவு பற்றியும் சொல்லணும். பகிர்வுப் படத்துக்கு 1200 × 630 பிக்சல் என்பதுதான் வழக்கம். ஸ்ட்ராப்பி தானாகச் செய்யும் அளவுகளில் பெரியது 1000 பிக்சல். அதனால் அசல் ஃபைலைக் கொடுப்பாங்க, அது போனில் எடுத்த 4 எம்பி படமாக இருக்கும். கனமான படத்தை வாட்ஸ்அப் எடுக்காமல் விட்டுவிடும். அப்லோடு ப்ளகின் அமைப்பில் பிரேக்பாயின்ட் பட்டியலில் 1200-ஐச் சேருங்க. ஏற்கெனவே ஏற்றிய படங்களுக்கு அந்த அளவு தானாக வராது, புதிதாக ஏற்றுபவற்றுக்குத்தான் வரும். பழையவற்றைத் திரும்ப ஏற்றணும், இல்லை இமேஜ் சிடிஎன் வழியாக வெட்டி, 300 கேபிக்குள் ஜேபெக்காகக் கொடுக்கணும்.

#6 புதுவலை

‘எஸ்இஓ’ இப்போ முழுசா வருது, நன்றி ஆழி. ஃபீல்டுகள் எவையெவை வைக்கலாம்? ஸ்ட்ராப்பியின் எஸ்இஓ ப்ளகின் கொடுக்கும் காம்போனென்ட்டில் கீவேர்ட்ஸ், ரோபோட்ஸ், வியூபோர்ட், ஸ்ட்ரக்சர்டு டேட்டா எல்லாம் இருக்கு. அதையே எடுத்துக்கலாமா?

#7 தறி

நான் எடுக்க மாட்டேன். எடிட்டர் கையில் கொடுக்கும் ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு நாள் தப்பாக நிரம்பும்.

கீவேர்ட்ஸை நீக்குங்க. தேடல் வரிசைக்கு அந்த டேகைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. வியூபோர்ட் தளம் முழுக்க ஒன்றுதான், அதற்கு சிஎம்எஸ்ஸில் வேலை இல்லை. ரோபோட்ஸைத் தட்டச்சு செய்யும் பெட்டியாக வைக்காதீங்க, ‘தேடலில் காட்ட வேண்டாம்’ என்று ஆம்/இல்லை பொத்தானாக வைங்க, தொடக்க மதிப்பு ‘இல்லை’. ஸ்ட்ரக்சர்டு டேட்டாவை (தேடுபொறி படிக்கும் வடிவத்தில் குறிப்பின் விவரங்கள்) எடிட்டர் ஜேசனாக ஒட்டக் கூடாது. பொருட்கள், நேரம், படம் எல்லாம் ஏற்கெனவே ஃபீல்டுகளாக இருக்கு, கோடு அதிலிருந்து உருவாக்கட்டும்.

மிஞ்சுவது: தேடல் தலைப்பு, விளக்கம், பகிர்வுப் படம், அந்தப் பொத்தான், எப்போதாவது தேவைப்படும் கெனானிக்கல் மாற்று. ஐந்துமே காலியாக இருக்கலாம் என்று வைங்க. ஒன்றுமே நிரப்பாத குறிப்புக்கும் சரியான மெட்டா வரணும். அதைக் கோடு பார்த்துக்கணும்.

அந்த வேலைக்கு ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்க. குறிப்பு, மொழி, பாதை மூன்றும் உள்ளே போகணும், முழு மெட்டா வெளியே வரணும். எல்லா ரவுட்டும் அதைத்தான் கூப்பிடணும். உள்ளே நடக்க வேண்டியது இப்படி. தலைப்பு: தேடல் தலைப்பு இருந்தால் அது, இல்லையென்றால் குறிப்பின் பெயர். விளக்கம்: நிரப்பியிருந்தால் அது, இல்லையென்றால் முன்னுரை, அதுவும் இல்லையென்றால் முதல் பத்தியிலிருந்து வெறும் எழுத்தை எடுத்து சொல் எல்லையில் வெட்டியது. படம்: பகிர்வுப் படம், பிறகு குறிப்பின் படம், பிறகு தளத்தின் பொதுப் படம். சிஎம்எஸ்ஸில் காலியான பெட்டி சில சமயம் நல் (null, மதிப்பே இல்லை) ஆக வரும், சில சமயம் காலி சரமாக வரும், சில சமயம் ஒரே ஒரு ஸ்பேஸாகவும் வரும். ட்ரிம் பண்ணி, காலியா என்று பார்த்துத்தான் அடுத்ததுக்குப் போகணும். நல் மட்டும் பார்த்தால் காலித் தலைப்போடு பக்கம் வெளியாகும்.

நெக்ஸ்டில் பலரும் மாட்டுவது இதில்: மெட்டா மேலோட்டமாகத்தான் இணையும். லேஅவுட்டில் ஓபன்கிராஃபுக்குள் தளப் பெயர், மொழி, பொதுப் படம் வைத்திருப்பீங்க. பேஜில் ஓபன்கிராஃபுக்குள் தலைப்பை மட்டும் சொன்னால், லேஅவுட்டின் ஓபன்கிராஃப் முழுதும் போய்விடும். தளப் பெயரும் இல்லை, படமும் இல்லை. அதனால் பகுதி பகுதியாகச் சேர்க்க நினைக்காமல், அந்த ஒரே ஃபங்ஷன் ஓபன்கிராஃப் பகுதியை ஒவ்வொரு முறையும் முழுசாகக் கட்டித் தரணும்.

தலைப்பு டெம்ப்ளேட் பற்றி: லேஅவுட்டில் ‘%s | தளப்பெயர்’ என்று வைத்தால், எடிட்டர் தன் தலைப்பில் தளப் பெயரையும் அடித்திருந்தால் இரண்டு தடவை வரும். ஸ்ட்ராப்பி ஃபீல்டின் குறிப்பு வரியில் ‘தளப் பெயர் எழுத வேண்டாம்’ என்று போட்டு வைங்க. டெம்ப்ளேட் கீழே உள்ள ரவுட்களுக்குத்தான் பொருந்தும், அதே மட்டத்தில் உள்ள முகப்புப் பேஜுக்குப் பொருந்தாது. முகப்புக்குத் தனியாக முழுத் தலைப்பு எழுதணும்.

ஸ்ட்ராப்பியிலிருந்து இரண்டு தடவை எடுக்க வேண்டியிருக்குமே என்று கவலை வேண்டாம். ஒரே முகவரிக்கு ஃபெட்ச் போனால், ஜெனரேட்மெட்டாடேட்டாவிலும் பேஜிலும் சேர்த்து நெக்ஸ்ட் ஒரு தடவைதான் எடுக்கும். ஃபெட்ச் இல்லாமல் வேறு கிளையன்ட் லைப்ரரி பயன்படுத்தினால் ரியாக்டின் கேஷ் ஃபங்ஷனால் சுற்றி வைங்க.

#8 எழுத்துரு

60 எழுத்து வரம்பு பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. அது தமிழுக்குப் பொருந்தவே பொருந்தாது.

‘கோதுமை ரவை உப்புமா’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் இடைவெளி இரண்டையும் சேர்த்து 11. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 18 என்று சொல்லும். கோ என்பதில் க தனி, ஓகாரக் குறி தனி. ப் என்பதில் ப தனி, புள்ளி தனி. ஸ்ட்ராப்பியின் அதிகபட்ச நீளமும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. நீங்கள் வைத்த 60, தமிழில் சுமார் 36 எழுத்துதான். எடிட்டர்கள் திணறியதில் வியப்பில்லை.

கூகுள் தலைப்புக்கு எழுத்து எண்ணிக்கையில் வரம்பு எதுவும் சொல்லவில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. அதனால் சேமிக்கவிடாமல் தடுக்கும் கடும் வரம்பை எடுத்துவிட்டு, முக்கியச் சொல்லை முன்னால் வைக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை காட்டியே ஆக வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் செக்மென்டரை கிராஃபீம் (கண்ணுக்குத் தெரியும் எழுத்து) முறையில் பயன்படுத்துங்கள். க்ஷ, ஸ்ரீ போன்றவை மட்டும் அதில் இரண்டாக எண்ணப்படும், மற்றபடி நாம் எண்ணுவது போலவே எண்ணும்.

தறி சொன்ன ‘சொல் எல்லையில் வெட்டு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்லைஸ் போட்டு வெட்டாதீர்கள். அதே தலைப்பை 13-இல் வெட்டினால் ‘கோதுமை ரவை உப’ என்று நிற்கும், பகரத்தின் புள்ளி போய்விடும். 17-இல் வெட்டினால் ‘உப்பும’. தமிழ் படிக்கிறவர் கண்ணில் இது எழுத்துப் பிழையாகத்தான் படும். தேடல் முடிவில் தளத்தின் முதல் அறிமுகமே பிழையோடு நிற்கக் கூடாது. வரம்புக்கு முன்னால் உள்ள கடைசி இடைவெளியைக் கண்டுபிடித்து அங்கே வெட்டுங்கள்.

பகிர்வுப் படத்தில் தலைப்பையும் அச்சிட நினைத்தால் இன்னொரு எச்சரிக்கை. நெக்ஸ்டின் இமேஜ்ரெஸ்பான்ஸ் உள்ளே சட்டோரி என்ற லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. ஓபன்டைப்பின் மேம்பட்ட அம்சங்களை அது ஆதரிப்பதில்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது. தமிழுக்கு அது போதாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும், அதற்கு எழுத்துருவின் ஷேப்பிங் தேவை. இல்லாவிட்டால் ‘கெ’ என்பதில் ககரத்துக்குப் பின்னால் கொம்பு நிற்கும். ஆங்கிலத் தலைப்பில் சோதித்துவிட்டு விட்டால் இது தெரியவே தெரியாது. ஹெட்லெஸ் குரோமியத்தில் ஒரு ஹெச்டிஎம்எல் பக்கத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பதுதான் நம்பகமான வழி. ஷார்ப் லைப்ரரியில் எஸ்விஜி வழியாகவும் செய்யலாம், ஆனால் சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவியிருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். குறிப்பைப் பப்ளிஷ் செய்யும்போது ஒரு தடவை உருவாக்கிச் சேமித்து வையுங்கள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் உருவாக்க வேண்டாம்.

#9 கயல்

இவ்வளவையும் கையால் எழுதணுமா? வேர்ட்பிரஸை ஹெட்லெஸ்ஸாக (முன்தளம் இல்லாமல் சிஎம்எஸ்ஸாக மட்டும்) வைத்து யோஸ்ட் எஸ்இஓ ப்ளகின் போட்டால் ஆர்இஎஸ்டி ஏபிஐயிலேயே தயாரான மெட்டா ஜேசனாக வருது. எடிட்டருக்கும் பழக்கமான திரை.

#10 தறி

கயல், புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது நியாயமான வழிதான். ஆனால் யோஸ்ட் தரும் கெனானிக்கல், ஓஜி யூஆர்எல், ஸ்கீமா எல்லாவற்றிலும் வேர்ட்பிரஸின் டொமைன்தான் இருக்கும். அப்படியே முன்தளத்தில் போட்டால் கூகுளை சிஎம்எஸ்ஸுக்கு அனுப்புகிறோம். டொமைனை மாற்றி எழுத வேண்டும். பட முகவரியை மட்டும் மாற்றக் கூடாது, படம் அங்கேதான் இருக்கு.

இதைவிட ஆபத்து: சிஎம்எஸ் டொமைன் தேடலில் வரக் கூடாது என்று வேர்ட்பிரஸ் அமைப்பில் தேடுபொறிகளைத் தவிர்க்கும் பெட்டியை டிக் பண்ணுவாங்க. உடனே யோஸ்ட் தரும் ரோபோட்ஸ் மதிப்பு நோஇண்டெக்ஸ் (தேடலில் காட்டாதே) ஆகிவிடும், அது ஏபிஐ வழியாக முன்தளத்துக்கும் வந்து தளம் முழுக்க இறங்கும். சிஎம்எஸ் டொமைனை மறைக்க சர்வரில் எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக் ஹெடரைப் பயன்படுத்தணும். உங்க ஸ்டேஜிங், ப்ரிவியூ டொமைன்களுக்கும் இதே ஹெடர்தான், புதுவலை. ரோபோட்ஸ் டெக்ஸ்ட் ஃபைலில் தடுத்தால் கூகுள் பக்கத்தையே திறக்காது, உள்ளே எழுதியிருக்கும் நோஇண்டெக்ஸை எப்படிப் படிக்கும்?

#11 புதுவலை

ஸ்ட்ராப்பியிலேயே தொடர்றோம். இரண்டு சந்தேகம். தமிழ் ஸ்லக் (முகவரியில் குறிப்பின் பெயர் வரும் பகுதி) வைக்கலாமா? இரண்டு மொழிக்கும் ஹெச்ரெஃப்லாங் (பக்கத்தின் மற்ற மொழிப் பதிப்பைக் காட்டும் டேக்) எப்படிக் கட்டுவது?

#12 எழுத்துரு

வைக்கலாம். வாசகரின் மொழியில் முகவரி இருப்பதைக் கூகுளே பரிந்துரைக்கிறது. விலையையும் தெரிந்துகொண்டு வையுங்கள். முகவரிக்கான சதவீதக் குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தாக விரியும். ‘கோதுமை-ரவை-உப்புமா’ 146 எழுத்து ஆகிறது. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளின் நீண்ட வாலாகத் தெரியலாம்.

ஸ்ட்ராப்பியின் யூஐடி ஃபீல்டு லத்தீன் எழுத்து, எண், சில குறிகளை மட்டும் ஏற்கும். தமிழ் ஸ்லக்குக்கு சாதாரண டெக்ஸ்ட் ஃபீல்டை எடுத்து ‘யூனிக்’ வையுங்கள்.

நெக்ஸ்டில் பேஜுக்கு வரும் ஸ்லக் குறியாக்கம் கலையாமல் வரும். டீகோட் செய்யாமல் அப்படியே ஸ்ட்ராப்பி வினவலில் போட்டால், அது மறுபடி குறியாக்கம் ஆகி ஒவ்வொரு சதவீதக் குறியும் %25 ஆகிவிடும். லோக்கலில் ஆங்கில ஸ்லக்கோடு எல்லாம் ஓடும், தமிழ்ப் பக்கம் மட்டும் 404.

இன்னும் ஒன்று, கண்ணுக்கே தெரியாதது. ‘கோ’வை க, ஓகாரம் என்று இரண்டு குறியாகவும் அடிக்கலாம், க, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் அடிக்கலாம். பார்வைக்கு ஒரே எழுத்து, டேட்டாபேஸுக்கு வேறு வேறு சொல். பழைய மாற்றிகளிலிருந்து ஒட்டிய உரையில் இரண்டாம் வகை நிறைய வரும். ஸ்ட்ராப்பியில் சேமிக்கும் முன் ஒரு தடவை, நெக்ஸ்டில் டீகோட் செய்த பின் ஒரு தடவை, நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி (சேர்த்து எழுதிய யூனிகோட்) வடிவத்தில் ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் செய்தால்தான் பொருந்தும். கெனானிக்கலிலும் சைட்மேப்பிலும் (தேடுபொறிக்குத் தரும் முகவரிப் பட்டியல்) ஒரே வடிவ முகவரி வர வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்து சரியாகிவிடும்.

#13 ஆழி

ஹெச்ரெஃப்லாங்குக்கு லோக்கலைசேஷன்ஸைப் பாப்புலேட் பண்ணி, ஒவ்வொரு மொழியின் ஸ்லக்கையும் கேளுங்க. தமிழ்ப் பக்கத்தில் தமிழ், ஆங்கிலம், எக்ஸ்-டிஃபால்ட் (வேறு எந்த மொழியும் பொருந்தாதவருக்கு) மூன்றும் வரணும். ஆங்கிலப் பக்கத்திலும் அதே மூன்றும் வரணும். ஒரு பக்கம் மட்டும் மற்றதைக் காட்டினால் கூகுள் அந்த இணைப்பை ஒதுக்கிவிடும். மொழிபெயர்ப்பு வெளியாகாத குறிப்புக்கு ஆங்கில முகவரி கொடுக்காதீங்க. அங்கே தமிழ் உரையே ஃபால்பேக்காக வந்தால் ஒரே உரைக்கு இரண்டு முகவரி ஆகிவிடும். இரண்டு பக்கத்தின் கெனானிக்கலும் தன்னைத்தான் காட்டணும். ஆங்கிலத்தின் கெனானிக்கலைத் தமிழுக்குத் திருப்பிவிடும் தவறு அடிக்கடி நடக்குது.

இந்தியாவுக்கு, இலங்கைக்கு, சிங்கப்பூருக்கு என்று தனித்தனிப் பதிப்பு இல்லாதவரை நாட்டுக் குறியீடு சேர்க்க வேண்டாம், வெறும் தமிழ்க் குறியீடு போதும். ஓஜி லொகேல் மட்டும் நாட்டோடு கேட்கும், அதில் நடுவே அடிக்கோடு வரும். ஹெச்ரெஃப்லாங்கில் வருவது சிறுகோடு.

சைட்மேப்பைத் திறந்து எத்தனை முகவரி இருக்கு என்று எண்ணிப் பார்த்தீங்களா?

#14 புதுவலை

இப்போதான் எண்ணினேன். சரியா 25.

#15 ஆழி

ஸ்ட்ராப்பியின் ஏபிஐ ஒரு தடவைக்கு (ஒரு முடிவுப் பக்கத்துக்கு) தருவது அவ்வளவுதான். கேட்டாலும் 100-க்கு மேல் தராது, அமைப்பில் வரம்பை மாற்றினால் தவிர. மொத்தப் பக்க எண்ணிக்கை பதிலின் மெட்டா பகுதியில் வரும், அதைப் பார்த்து லூப் ஓட்டுங்க. இரண்டு மொழிக்கும் தனித்தனியாக ஓட்டணும். நோஇண்டெக்ஸ் வைத்தவற்றைச் சேர்க்காதீங்க. ஒரு ஃபைலுக்கு 50,000 முகவரி வரை போகலாம், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ப்ரையாரிட்டி, சேஞ்ச்ஃப்ரீக்வென்சி இரண்டையும் கூகுள் பார்ப்பதில்லை, எழுத வேண்டாம். லாஸ்ட்மாட் (கடைசியாக மாறிய நாள்) நம்பகமாக இருந்தால் பார்க்கும். ஸ்கிரிப்ட் ஓட்டி 400 குறிப்பிலும் ஏதோ ஒரு ஃபீல்டை மாற்றினால் எல்லாவற்றின் அப்டேட்டட் நேரமும் மாறும், லாஸ்ட்மாட்டின் நம்பகம் கெடும். ‘உள்ளடக்கம் திருத்திய நாள்’ என்று தனி ஃபீல்டு வைப்பது மேல். முதல் வெளியீட்டு நாளுக்கும் தனி ஃபீல்டு வேண்டும், ஸ்ட்ராப்பியின் வெளியீட்டு நேரம் மறுபடி பப்ளிஷ் பண்ணும்போது மாறிவிடும்.

#16 தறி

ஸ்ட்ரக்சர்டு டேட்டாவை எழுதும் ஜேசன்-எல்டியையும் முடிச்சிடலாம். அது மெட்டாடேட்டா ஃபங்ஷனில் வராது, பேஜுக்குள் ஸ்கிரிப்ட் டேகாக வரணும், சர்வர் காம்போனென்ட்டிலேயே. சமையல் குறிப்புக்கு ரெசிப்பி வகை. பெயரும் படமும் கட்டாயம். நேரத்தை ‘30 நிமிடம்’ என்று எழுதினால் எடுபடாது, ஐஎஸ்ஓ 8601 வடிவம் வேண்டும். ஸ்ட்ராப்பியில் நிமிடத்தை எண்ணாக வைத்து, கோடில் மாற்றுங்க. பொருட்களை ஒரே பத்தியாக இல்லாமல் வரிசையாகக் கொடுக்கணும். குறிப்புக்குள் யாராவது கோண அடைப்புக் குறியோடு ஸ்கிரிப்டை மூடும் டேகை அடித்திருந்தால் ஸ்கிரிப்ட் டேக் பாதியில் மூடிவிடும், அது பாதுகாப்புக் கோளாறும்கூட. ஸ்ட்ரிங்கிஃபை செய்த பிறகு அந்தக் குறியை யூனிகோட் எஸ்கேப்பாக மாற்றுங்க. கேள்வி-பதில் ஸ்கீமாவுக்கு உழைக்க வேண்டாம், 2023 ஆகஸ்டில் கூகுள் அந்தச் சிறப்புக் காட்சியை அரசு, மருத்துவத் தளங்களோடு சுருக்கிவிட்டது. பக்கத்தில் வாசகருக்குத் தெரியாத எதையும் ஸ்கீமாவில் எழுதாதீங்க. மதிப்பீடு இல்லாத குறிப்புக்கு நட்சத்திரம் போடுவது தண்டனைக்கு உரியது.

அடுத்து, எடிட்டர் மாற்றியதும் பக்கம் மாறணும். ஃபெட்சுக்கு ஒரு டேக் கொடுங்க. ஸ்ட்ராப்பி வெப்ஹுக்கில் (மாற்றம் நடந்ததும் அது அனுப்பும் அறிவிப்பு) பப்ளிஷ், அன்பப்ளிஷ் இரண்டையும் பிடித்து, ரகசியச் சொல்லை ஹெடரில் சரிபார்த்து, அந்த டேகின் கேஷைப் புதுப்பிக்கும் ரீவேலிடேட்டேக் ஃபங்ஷனைக் கூப்பிடுங்க. அன்பப்ளிஷை மறப்பவர்கள் அதிகம்: வெளியீட்டிலிருந்து எடுத்த குறிப்பு கேஷில் உயிரோடு இருக்கும். ஸ்லக்கால் தேடும்போது குறிப்பு இல்லையென்றாலும் ஸ்ட்ராப்பி 200-ஓடு காலிப் பட்டியலைத்தான் தரும். நீளத்தைப் பார்த்து நாட்ஃபவுண்ட் கூப்பிடணும். அந்த ரவுட்டில் லோடிங் ஃபைல் இருந்தால் ஸ்ட்ரீமிங் முன்பே தொடங்கி, நிலைக் குறியீடு 200 ஆகவே போய்விடும்.

ஸ்லக்கை மாற்றினால் வெப்ஹுக்கில் பழைய ஸ்லக் வராது. ஸ்ட்ராப்பியில் பழையது, புதியது என்று இரண்டு ஃபீல்டோடு ‘ரீடைரக்ட்’ என்ற தனி கலெக்‌ஷன் வைத்து, ஸ்லக் மாறும்போது லைஃப்சைக்கிளில் தானாக ஒரு வரி சேருங்க. நெக்ஸ்ட் நிரந்தர ரீடைரக்டுக்கு 308 தரும், கூகுள் அதை 301 போலவே எடுத்துக்கொள்ளும்.

#17 புதுவலை

எல்லாம் ஏற்றியாச்சு. கர்லில் வாட்ஸ்அப் ஏஜென்ட்டோடு தலைப்பு, விளக்கம், கெனானிக்கல், படம் நான்கும் ஹெட்டிலேயே வருது. சைட்மேப்பில் 25-க்குப் பதிலாக இரண்டு மொழிக் குறிப்புகளும் முழுசா இருக்கு. புதுக் குறிப்புகள் வாட்ஸ்அப்பில் படத்தோடு வருது. முன்பே பகிர்ந்த லிங்க்குகளில் மட்டும் பழைய முன்னோட்டம்தான் வருது. சர்ச் கன்சோல் பட்டியலும் அப்படியே இருக்கு.

#18 ஆழி

அனுப்பிய செய்தியில் ஒட்டிய முன்னோட்டம் மாறாது, அது அந்தச் செய்தியின் பகுதி. புதிதாகப் பகிரும்போதும் பழையதே வந்தால், ஃபேஸ்புக்குக்கு அதன் ஷேரிங் டீபக்கரில் முகவரியைப் போட்டு ‘மறுபடி எடு’ கொடுங்க, லிங்க்ட்இன்னுக்கு போஸ்ட் இன்ஸ்பெக்டர். படத்தை மாற்றினால் அதே ஃபைல் பெயரில் மாற்றாமல் புதுப் பெயரில் ஏற்றுங்க.

சர்ச் கன்சோலில் அதிகம் படிக்கப்படும் பத்துப் பதினைந்து பக்கங்களை மட்டும் யூஆர்எல் ஆய்வில் போட்டு, ‘லைவ் டெஸ்ட்’ ஓட்டி, பயனர் சொன்ன கெனானிக்கல் அந்தப் பக்கமாகவே இருக்கா என்று பார்த்த பிறகு இண்டெக்ஸ் கேளுங்க. ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று அளவு உண்டு, 400-ஐயும் அப்படிப் போட முடியாது. மற்றவை சைட்மேப் வழியாகக் கூகுள் திரும்ப வரும்போது சரியாகும். அதற்குள் கெனானிக்கலை மறுபடி மாற்றிவிடாதீங்க.